அண்ணன் போட்ட தாழ்ப்பாள்

ராயபுரத்தில் எங்கள் சந்துமுனையில் நின்று யாராவது "சிஸ்டர்" என்று குரல் கொடுத்தால் மூன்று திசையிலிருந்து பதில் வரும். கான்வென்ட்டில் இருந்த கன்னியாஸ்திரிகள் எல்லாரும் சிஸ்டர்கள். முனையிலிருந்த கிளினிக்கில் ஊசி போடுகிறவரும் சிஸ்டர். மூன்றாவது எங்கள் வீட்டு சிஸ்டர். அவர் துறவியும் இல்லை, நர்சும் இல்லை. அண்ணனைப் பார்த்துக்கொள்ள வந்தவர். முதல் நாள் புடவைக்கு மேலே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றதால் அம்மா "வாங்க சிஸ்டர்" என்றாள். அதற்கப்புறம் அவருக்கு வேறு பெயர் இருக்கக்கூடும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் என்னைவிட நான்கு வயது பெரியவன். உடம்பு மட்டும் வயதுக்கேற்ப வளர்ந்தது. பேச்சு, சட்டைப் பொத்தான், எண்ணிக்கை எல்லாம் தன் பாட்டுக்கு நிதானமாக வந்தன, சில வரவே இல்லை. டாக்டர்கள் அதற்கு ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். சந்தில் உள்ளவர்கள் "பாவம்" என்ற ஒரே பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். அவனுக்குச் சத்தம் ஆகாது. தீபாவளி வெடி, குக்கர் விசில், துறைமுகத்தில் கப்பல் ஊதுவது, எதுவாக இருந்தாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அருகிலிருக்கிற சுவரில் தலையை முட்டுவான். எங்கள் வீட்டுச் சுவர்கள் எல்லாவற்றிலும் அவன் உயரத்துக்கு அம்மா பழைய போர்வையை மடித்து ஆணி அடித்து மாட்டியிருந்தாள். கதவில் மட்டும் மாட்ட முடியவில்லை.

அவன் படித்த சிறப்புப் பள்ளியில்தான் சிஸ்டருக்கு வேலை. காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து அவனைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போய், சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். சனி, ஞாயிறு வரமாட்டார். அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. அண்ணன் ஒரு பொத்தானைப் போட்டால் கைதட்டுவார். நான் வகுப்பில் இரண்டாவது ரேங்க் வாங்கி வந்தால் எங்கள் வீட்டில் கைதட்ட ஆளில்லை, முதல் ரேங்க் யார் என்று கேட்கத்தான் ஆள் இருந்தது.

சனி, ஞாயிறுகளில் அண்ணன் வாசலில் நின்று "மல்லி, மல்லி" என்பான். ஒருமுறை கொத்தமல்லிச் சட்னியை அவன் விரும்பிச் சாப்பிட்டிருந்தான். அதனால் அம்மா அந்த இரண்டு நாளும் மல்லிச் சட்னி அரைப்பாள். அவனும் மறுக்காமல் சாப்பிடுவான். சாப்பிட்டுக் கை கழுவியதும் மறுபடி வாசலுக்குப் போய் "மல்லி" என்பான். "எவ்ளோ துன்னாலும் இவனுக்குப் போறலியே" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். வாரக் கடைசி என்றாலே எங்களுக்குப் பச்சைச் சட்னிதான் என்று ஆகிவிட்டது.

அண்ணனுக்குப் பதினாலு நடந்துகொண்டிருந்தபோது சிஸ்டர் ஒருநாள் அம்மாவிடம், "தம்பிக்கு மீச மொளைக்குதுக்கா. இனிமே கதவ சாத்திக்கினு குளிக்கட்டும்" என்றார்.

"அவனுக்கு இன்னாமா தெரியும்" என்றாள் அம்மா.

அதுவரை அவன் குளிப்பது ஊரறிந்த விஷயம். பாத்ரூம் கதவு திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் பால்காரர் வருவார், சீட்டுக்கார அக்கா வருவார், நான் பேனாவுக்கு மை தேடிக்கொண்டு குறுக்கே போவேன். யாரும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. சிஸ்டர் அம்மாவின் பதிலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மறுநாளே பாடத்தை ஆரம்பித்தார். "கதவு மூடினா?" என்று கேட்பார். "தாப்பா" என்று அவன் சொல்ல வேண்டும். பிறகு அவன் கையைத் தன் கைக்குள் வைத்துத் தாழ்ப்பாளைத் தள்ளி, அது டக்கென்று விழுந்ததும் கைதட்டுவார். இதுவே வாரக்கணக்கில் நடந்தது. அவர் கை மேலே இருந்தால் அவன் போடுவான். கையை எடுத்துவிட்டால் அப்படியே நின்று அவர் முகத்தைப் பார்ப்பான். பள்ளிக்கு நேரமாகிறதே என்று அம்மா முணுமுணுப்பாள். சிஸ்டருக்கு அவசரம் என்ற ஒன்றே கிடையாது. திறக்கிற பாடம் இன்னும் வரவில்லை, அது அடுத்த பாடம்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அம்மா அண்ணனைக் குளிப்பாட்டி, இடுப்பில் துண்டோடு உட்கார வைத்து, சட்டையையும் டிரவுசரையும் கட்டில்மேல் எடுத்து வைத்தாள். அடுப்பில் மீன் குழம்பு. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி வந்தது. எங்கள் பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தால் கல்யாண வீட்டில் தாலி கட்டிக்கொண்டிருக்கிறவர்கள்கூட எழுந்து குடத்தைத் தேடுவார்கள். அம்மா இரண்டு குடம், நான் ஒரு குடம். நாய் வந்து மீனில் வாய் வைத்துவிடும் என்று அம்மா வெளியே வரும்போது வாசல் கதவை இழுத்துச் சாத்தினாள்.

வரிசையில் நின்று, சண்டை போட்டு, குடங்களை நிரப்பிக்கொண்டு திரும்பினால் கதவு திறக்கவில்லை. அம்மா தோளால் தள்ளினாள். அசையவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது. முந்தின கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது அப்பா ஒரே கடையில் ஜோடியாக இரண்டு தாழ்ப்பாள் வாங்கி, ஒன்றைப் பாத்ரூம் கதவுக்கும் மற்றொன்றை வாசல் கதவுக்கும் போட்டிருந்தார். அண்ணனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"தம்பி, தொறடா கண்ணு" என்று அம்மா முதலில் மெதுவாகத்தான் கூப்பிட்டாள். பிறகு கொஞ்சம் பலமாகத் தட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களும் தட்டினார்கள். எதிர்வீட்டுப் பெரியப்பா, காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர், உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். அப்போது உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. கதவில் தலை மோதுகிற சத்தம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் முன்னறை தெரிந்தது. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, முகம் கதவுக்கு நேராக, நெற்றியை மோதிக்கொண்டிருந்தான். சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து புகை வர ஆரம்பித்திருந்தது. குழம்பு கருகும் வாடை சந்து முழுக்க வந்துவிட்டது. அம்மாவுக்கு அப்போதுதான் கேஸ் டியூப் ஞாபகம் வந்தது. பழசாகிவிட்டது, மாற்றுங்கள் என்று அப்பாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். இப்போது அதைச் சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பக்கத்து வீட்டில் சிலர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

பெரியப்பா கடப்பாரை எடுத்து வந்தார். அதைப் பார்த்ததும் அம்மா இரண்டு கையையும் விரித்துக் கதவை மறைத்தாள். "கதவு மேலயே சாஞ்சிக்கீறான். ஒடச்சா அவன் மேலதான் வியும்" என்றாள். பெரியப்பா கடப்பாரையைக் கீழே வைத்தார். உடைத்தாலும் ஆபத்து, உடைக்காவிட்டாலும் ஆபத்து. அப்பா துறைமுகத்தில் வேலையில் இருந்தார். அம்மாவின் போன் உள்ளே பிரிட்ஜ் மேலே சார்ஜில் இருந்தது. யாரோ ஒருவர் அந்த எண்ணுக்கே போன் போட்டார், உள்ளே மணி அடித்தது, அண்ணன் இன்னும் வேகமாக முட்டினான். போட்டவரை அம்மா திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

"சிஸ்டர இட்டுனு வாங்க" என்றாள் அம்மா. "சிஸ்டர் வந்தாதான் ஆவும். ஓடுங்க."

ஆட்டோ ஓட்டுகிற மாமா கிளம்பிப் போய் ஒரு நிமிடத்தில் திரும்பினார். கிளினிக் சிஸ்டர் ஊசி மருந்தோடு இறங்கினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த சிஸ்டர் இல்ல." மாமா வண்டியைத் திருப்பினார். அடுத்து கான்வென்ட் சிஸ்டர் ஜெபமாலையோடு வந்து இறங்கினார். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது.

"எந்த சிஸ்டருதான்கா?" என்றார் மாமா. "பேரச் சொல்லு, வூடு எங்க சொல்லு, போய் இட்டுனு வரேன்."

அம்மா பெயரைச் சொல்ல வாயைத் திறந்து, அப்படியே திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு மட்டும் என்ன தெரியும். வருஷக்கணக்காக எங்கள் வீட்டில் காபி குடித்தவர், அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் அம்மாவுக்கு முன்னால் கண்டுபிடிக்கிறவர். அவர் பெயரும் தெரியாது, அவர் எந்தத் தெரு என்றும் தெரியாது. அம்மாவின் போனில் எண் இருந்தது. அதுவும் "சிஸ்டர்" என்றுதான் இருந்தது, அந்தப் போனும் உள்ளே இருந்தது.

அப்போது முட்டுகிற சத்தத்துக்கு நடுவில் அண்ணன் குரல் கேட்டது. "மல்லி. மல்லி. மல்லி."

"பாவி, இப்பப் போய் சட்னி கேக்குறானே" என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கான்வென்ட் சிஸ்டர் கதவருகே போய்க் காதை வைத்துக் கேட்டார். பிறகு திரும்பி, "மல்லிகாவையா கூப்பிடுறான்? எங்க காம்பவுண்டுக்குப் பின்னாடி லைன் வீட்டுல ஒரு மல்லிகா இருக்கா. இந்த மாதிரிப் பிள்ளைங்க ஸ்கூல்லதான் வேலை செய்யறா" என்றார்.

அந்த லைன் வீடு எங்கள் சந்திலிருந்து கூப்பிடு தூரம்.

ஆட்டோவிலிருந்து இறங்கியவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. வெள்ளைக் கோட்டு இல்லை. நைட்டி, மேலே ஒரு துண்டு, தலை ஈரமாக இருந்தது. வழியிலேயே மாமா எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. இறங்கியதும் ஒன்றும் கேட்கவில்லை. "யாரும் தட்டாதீங்க, பேசாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பிறகு ஒரு காரியம் செய்தார். கைதட்டினார். மெதுவாக, தினமும் பாத்ரூம் வாசலில் தட்டுவாரே, அதேபோல.

"தாப்பா போட்டியா தம்பி? நீயே போட்டுக்கினியா? சூப்பர்டா" என்றார்.

அம்மா அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். வீடு புகைகிறது, பிள்ளை மண்டையை உடைத்துக்கொள்கிறான், இவர் பாராட்டுகிறார். ஆனால் உள்ளே சத்தம் நின்றுவிட்டது.

திறக்கச் சொல்லிப் பார்த்தார். அவன் திறக்கவில்லை, திறக்கத் தெரியாது. "இன்னும் சொல்லித் தரலியே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதைச் சொல்லும்போது அவர் உதடு நடுங்கியது. அவர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். அவருக்கே பயம் என்றால் இனி யாரிடம் போவது?

பிறகு ஜன்னலுக்கு வந்தார். கம்பிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டார். "மல்லி இங்க கீறேன் பாரு. வந்து கையப் புடி" என்றார். வா, வா என்று அவசரப்படுத்தவில்லை. கையை நீட்டியபடி காத்திருந்தார். புகை எங்கள் கண்ணையே கரித்தது. அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. அண்ணன் கதவைப் பார்த்தான், கையைப் பார்த்தான், மறுபடி கதவைப் பார்த்தான். கடைசியில் கதவை விட்டுவிட்டு வந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இப்போ பெரிய சத்தம் வரும். டமால்னு வரும். மல்லி கூடவே கீறேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, பெரியப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

கடப்பாரை கதவிடுக்கில் ஏறியது. மரம் கிழிகிற சத்தம். அண்ணன் அலறிக்கொண்டு, பிடித்திருந்த கையைக் கடித்தான். சும்மா கடி இல்லை. சிஸ்டர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்திருந்தால் அவன் கதவுப் பக்கம் ஓடியிருப்பான். கம்பியில் முகத்தை வைத்து "கீறேன், கீறேன்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். கதவு உள்ளே சாய்ந்தது. ஆட்டோ மாமா ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். குழம்புச் சட்டி கரிக்கட்டையாகியிருந்தது. வேறொன்றும் ஆகவில்லை.

அம்மா ஓடிப்போய் அண்ணனைக் கட்டிக்கொண்டாள். அவன் நெற்றி வீங்கியிருந்தது. டிரவுசர் போட்டிருந்தான், சட்டையை உள்வெளியாக மாட்டியிருந்தான். சிஸ்டர் கையில் ரத்தம் வந்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் முகம் சிரித்தது. "துணி மாத்தத்தான்கா தாப்பா போட்டுக்கீறான். அவனாவே" என்றார் அம்மாவிடம். அம்மா காதில் அது ஏறவில்லை. வலி தாங்காமல் அழுகிறார், பைத்தியம் மாதிரி சிரிக்கவும் செய்கிறார் என்று நான் நினைத்தேன். கிளினிக் சிஸ்டர் வந்தது வீண்போகவில்லை, கடிபட்ட எங்கள் சிஸ்டருக்குத்தான் ஊசி போட்டார்.

பயம் போன பிறகுதான் அம்மாவுக்குக் கோபம் வந்தது. சாயங்காலம் அப்பா வந்ததும் முதல் வேலையாகப் பாத்ரூம் தாழ்ப்பாளையும் கழற்ற வைத்தாள். "திங்கக்கிழம வரட்டும். இந்தப் பாடமெல்லாம் எங்க புள்ளைக்கு வாணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்றேன். இஷ்டம்னா வரட்டும், இல்லன்னா போவட்டும்" என்றாள். இல்லையென்றால் அண்ணனை யார் பார்ப்பது என்று நான் இரவெல்லாம் கவலைப்பட்டேன். என்னைத்தான் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று தோன்றியது. என் கவலையில் பாதி சுயநலம்தான்.

ஞாயிறு காலை சர்ச்சில் பூசைக்குக் கிளம்ப வேண்டும். பாத்ரூமுக்குள் போன நான் போன வேகத்தில் திரும்பி வந்தேன். தாழ்ப்பாள் இல்லாமல் குளிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தேன். யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது, எனக்கு வெட்கமில்லையா என்று கேட்டேன். "அதானே, பொம்பளப் புள்ள" என்றாள் அம்மா. அப்பா மறுபேச்சுப் பேசாமல் திருப்புளி எடுத்து வந்து தாழ்ப்பாளைப் பழைய இடத்திலேயே முடுக்கினார். நான் போட்டுக்கொண்டு குளித்தேன். எனக்காக எல்லாரும் பூசைக்குத் தாமதமாகப் போனோம்.

அண்ணன் இப்போது என் வீட்டில் இருக்கிறான். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. காலையில் அவன் குளிக்கப் போனால் நாங்கள் எல்லாரும் காத்திருப்போம், என் மகன் உட்பட. மல்லிகா அக்காவை நினைக்காமல் எனக்கு ஒருநாள் விடிவதில்லை. அவரைப் போன்றவர்கள் செய்வதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை போதுமா என்று தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தையைக்கூட நாங்கள் அந்தத் திங்கட்கிழமை சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவர் கையில் கட்டோடு, வழக்கம்போல் வெள்ளைக் கோட்டில் வந்தார். அம்மா சொல்ல வேண்டியதையெல்லாம் தயாராக வைத்திருந்தாள். ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதிலேயே தடுமாறினாள். சிஸ்டர் என்றும் வரவில்லை, மல்லிகா என்றும் வரவில்லை. அதற்குள் அவர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்விட்டார். போனவர் கதவில் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு உடனே திரும்பி வந்தார். அம்மாவுக்கு முன்னால் நின்று, கட்டுப் போட்ட கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"கயட்டிப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சிக்கினேதான் வந்தேன்க்கா" என்றார். "தம்பிக்கும் வெக்கம் கீதுக்கா. இத்தினி வருசம் எல்லாரும் பாக்கத்தான குளிச்சான். அவ்ளோ ஆயும் அவனுக்கோசரம் அத வுட்டு வெச்சிக்கீறீங்களே. ரொம்ப தேங்க்ஸ்கா."

இவர் தப்பாகப் புரிந்துகொண்டாரே, திருத்த வேண்டியது நம் கடமை என்று எனக்குத் தோன்றியது.

"அது அண்ணனுக்கு இல்ல, எனக்கு" என்று ஆரம்பித்தேன்.

அம்மா என் கையைப் பிடித்து அழுத்திக் கிள்ளினாள். உண்மையைத்தானே சொன்னேன், எதற்குக் கிள்ளுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் அழுதேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். அவளை யார் கிள்ளினார்கள் என்றும் எனக்கு விளங்கவில்லை.